ஆழ்கடலுக்கு ஒரு தாழ்ப்பாள்

நுழையும்முன்

கடலடியில் தோண்டப்படும் எண்ணெய்க் கிணறுகளின் வாயில் ஒரு காவற்கருவி பொருத்தப்படுகிறது. கிணறு கட்டுக்கடங்காமல் பீறிடும் வேளையில் அதனை மூடுவதே அக்கருவியின் பணி. மூட வேண்டிய நேரத்தில் அது மூடாவிட்டால் மனித உயிர்களும் கடல்வளமும் கரைவாழ் மக்களின் பிழைப்பும் ஒருசேர அழியும். அக்கருவியை நம்பத்தக்கதாக ஆக்குவது எங்ஙனம்? அதனைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது? குமரிக்கடலை முன்னிறுத்தி இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

காத்திருக்கும் கருவிகள்

நாம் கையாளும் கருவிகள் இருவகைப்படும். ஏர், தறி, சுத்தியல் முதலியன நாள்தோறும் உழைப்பவை. அவற்றில் பழுது நேர்ந்தால் அன்றே தெரிந்துவிடும். தீயணைப்பான், தொடர்வண்டியின் அபாயச் சங்கிலி, மின்சுற்றை முறிக்கும் உருகி முதலியன வேறுவகை. அவை ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கின்றன. என்றோ ஒருநாள், ஒரு நொடியில், தவறாமல் இயங்க வேண்டியவையாகவும் இருக்கின்றன. இத்தகைய கருவிக்குள் பழுது புகுந்தால் அது வெளியே தெரிவதில்லை. தேவைப்படும் அந்த ஒருநாளில்தான் அப்பழுது வெளிப்படும். அப்போது திருத்திக்கொள்ள நேரம் இராது.

நாஞ்சில் நாட்டாருக்கு இவ்வுண்மை புதிதன்று. குளத்துக்கு மடையும் மறுகாலும் அமைத்தவர்கள் அவர்கள். மடை நாள்தோறும் நீர் தரும். மறுகாலோ பெருமழைக் காலத்தில் மட்டுமே பயன்படும். ஆயினும் கரை உடையாமல் ஊரைக் காப்பது மறுகால்தான். ஆதலால் மழைக்காலம் வருமுன்னரே அதில் மண்டிய புதரையும் மண்ணையும் அகற்றுவது ஊரின் கடமை. வடசேரிப் பொற்கொல்லர் செய்யும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அந்நகையின் அழகு பதித்த கற்களில் இருக்கிறது. அதன் காப்போ கண்ணுக்குத் தெரியாத திருகாணியில் இருக்கிறது. திருகாணி தளர்ந்தால் நகையே இழப்பாகும். பெருஞ்செல்வத்தைச் சிறுபொறி ஒன்று காக்கும் இந்நிலைதான் கடலடி எண்ணெய்க் கிணற்றிலும் காணப்படுகிறது.

குமரிக்கடலும் எண்ணெய்த் தேடலும்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்குள் வெட்ஜ் பேங்க் எனப்படும் மேட்டுப்பரப்பு பரந்து கிடக்கிறது. சுற்றியுள்ள ஆழ்கடலைவிட ஆழம் குறைந்த இப்பகுதி மீன்வளம் மிக்கது. 1976ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இதன்மீதான இறையாண்மை உரிமை இந்தியாவுக்கு உரியதாயிற்று. சின்னமுட்டம், முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் எனக் குமரி மாவட்டக் கடற்கரை நெடுகிலும் வாழும் மீனவர்க்கு இக்கடலே வயல். வடசேரிச் சந்தைக்கு வரும் மீன்கூடையின் பின்னால் இக்கடலின் வளம் இருக்கிறது.

குமரிக்குத் தெற்கேயுள்ள ஆழ்கடற்பரப்பின் மூன்று தொகுதிகள், எண்ணெய், எரிவளி தேடுவதற்காக ஒன்றிய அரசு 2024ஆம் ஆண்டு அறிவித்த ஏலப் பட்டியலில் இடம்பெற்றன. மீனவர் அமைப்புகள் அதனை எதிர்த்துக் குரல் எழுப்பின. நாட்டின் எரிபொருள் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியாலேயே நிறைவு செய்யப்படுகிறது. உள்நாட்டு வளத்தைத் தேடுவது தவிர்க்க இயலாதது என்பது ஒரு தரப்பு. கடல் அழிந்தால் மீண்டும் ஆக்க இயலாது என்பது மறுதரப்பு. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் இருதரப்பாரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரு நிபந்தனை உண்டு. எந்தக் கடலில் கிணறு தோண்டினாலும், அதனை மூடும் கருவி மூடும் என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்றைத் தோண்டுபவரே தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளுதல் கூடாது.

கிணற்று வாயிலின் காவலன்

பூமிக்கடியில் பாறை இடுக்குகளில் எண்ணெயும் எரிவளியும் பேரழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துரப்பணக் குழாய் அவ்விடத்தை எட்டும்போது அவை மேலே பாய முனைகின்றன. அதனைத் தடுக்கும் முதல் அரண், கிணற்றுக்குள் செலுத்தப்படும் கனமான சேற்றுக் கரைசலாகும். அக்கரைசலின் எடை கீழிருந்து வரும் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிறது. கிணற்றுச் சுவராக இறக்கப்படும் எஃகுக் குழாய்களும் அவற்றைப் பாறையோடு பிணைக்கும் சிமெண்டும் அடுத்த அரண்கள். இவையாவும் தோற்கும் வேளையில் கிணற்றின் வாயை அடைப்பது பீறிடல் தடுப்பான். தொழிலாளர் இதனை ஆங்கில முதலெழுத்துகளால் பி.ஓ.பி. என்றே வழங்குவர்.

1922ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் ஆபர்குரோம்பி, ஹாரி கேமரான் ஆகிய இருவரும் இக்கருவியின் முன்னோடியை உருவாக்கினர். இன்றைய ஆழ்கடல் தடுப்பான் பல மாடி உயரமும் பல நூறு டன் எடையும் கொண்ட எஃகு அடுக்கு. அதன் மேற்பகுதியில் குழாயைச் சுற்றி இறுகும் இரப்பர் வளையம் இருக்கும். கீழே, இருபுறத்திலிருந்தும் பாய்ந்து குழாயைக் கவ்வும் எஃகுத் தடுப்புகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் இறுதியாக, குழாயையே வெட்டித் துண்டித்துக் கிணற்றை அடைக்கும் வெட்டுத் தாடைகள் இருக்கும். மேடையிலிருந்து வரும் ஆணை இரண்டு தனித்தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளின் வழியே இவற்றை எட்டும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும் என்பது ஏற்பாடு. மேடையோடு தொடர்பு முற்றிலும் அறுந்துபோனால் தாமாகவே மூடிக்கொள்ளும் அமைப்பும் உண்டு.

காவலன் தவறிய நாள்

இத்தனை ஏற்பாடுகளும் இருந்தும் 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் துரப்பண மேடை வெடித்தது. மேடையில் இருந்த 126 பேரில் 11 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழத்தில் கிணற்று வாயிலில் நின்ற தடுப்பானால் கிணற்றை அடைக்க இயலவில்லை. 87 நாள்கள் எண்ணெய் கடலில் கலந்தது. கடலில் கலந்த எண்ணெயின் அளவு ஏறத்தாழ 49 லட்சம் பீப்பாய் என அமெரிக்க அரசு மதிப்பிட்டது. 2015ஆம் ஆண்டு நீதிமன்றம் அதனை 31.9 லட்சம் பீப்பாய் என வரையறுத்தது. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். குறைந்த கணக்கைக் கொண்டாலும் 50 கோடி லிட்டருக்குமேல் ஆகிறது.

பின்னர்த் தடுப்பானைக் கடலடியிலிருந்து மீட்டு ஆய்ந்தபோது வெளிப்பட்ட செய்திகள் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. கிணற்றின் பேரழுத்தத்தால் துரப்பணக் குழாய் வளைந்து மையத்தை விட்டு ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. நேராக நிற்கும் குழாயை வெட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட தாடைகளால் வளைந்த குழாயை முழுமையாக வெட்ட முடியவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இரண்டில் ஒன்றில் மின்கம்பி தவறாக இணைக்கப்பட்டிருந்தது. மற்றொன்றில் மின்கலம் வலுவிழந்திருந்தது. இக்குறைகள் விபத்தன்று தோன்றியவை அல்ல. தடுப்பான் கடலுக்குள் இறங்கியபின் நடந்த வழக்கமான சோதனைகளில் சிக்காமல் அவை உள்ளேயே உறங்கிக்கிடந்தன.

கருவி மட்டும் தவறவில்லை. கிணறு பாதுகாப்பாக அடைக்கப்பட்டதா என அறிய அன்று நடத்திய அழுத்தச் சோதனையின் முடிவு தவறாகப் பொருள்கொள்ளப்பட்டது. கிணற்றுக்குள்ளிருந்து எரிவளி மேலேறத் தொடங்கியதன் அறிகுறிகள் உரிய நேரத்தில் உணரப்படவில்லை. இறுதி அரண் ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையே முதல் அரண்களைக் காப்பதில் மெத்தனத்தை வளர்க்கக்கூடும். பூட்டு இருக்கிறதென்று கதவைச் சாத்த மறந்த கதை இது.

இந்தியாவின் பட்டறிவு

இது அயல்நாட்டுச் செய்தி என்று கடந்துவிட இயலாது. 1995ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் ஆந்திர மாநிலத்தின் கோனசீமைப் பகுதியில் பாசர்லபூடிக் கிணறு பீறிட்டுத் தீப்பற்றியது. அத்தீ அணைய இரண்டு திங்களுக்குமேல் ஆயிற்று. 2005ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் மும்பைக்கு அப்பால் பாம்பே ஹை வடக்கு மேடைமீது துணைக்கப்பல் ஒன்று மோதியது. எரிவளி ஏற்றுக்குழாய் உடைந்து பற்றிய தீ இரண்டு மணி நேரத்துக்குள் மேடையையே அழித்தது. 22 உயிர்கள் பலியாயின.

2020ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அசாமின் தின்சுகியா மாவட்டத்தில் பாக்ஜான் கிணற்றில் நேர்ந்தது இப்பொருளுக்கு மிக நெருங்கியது. கிணற்றில் சீரமைப்புப் பணி நடந்துகொண்டிருந்த வேளையில் பீறிடல் தடுப்பான் அகற்றப்பட்டிருந்தது. அதன்பின் எரிவளி பீறிட்டது. சூன் 9ஆம் நாள் தீப்பற்றியது. தீயணைப்பு வீரர் இருவர் உயிரிழந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து முகாம்களில் தங்கினர். திப்ரு சைகோவா தேசியப் பூங்காவும் மாகுரி மோட்டாபுங் சதுப்புநிலமும் அருகிலேயே இருந்தன. நவம்பர்த் திங்களில்தான் தீ முற்றிலும் அணைக்கப்பட்டது. அங்குக் கருவி பழுதுபட்டிருக்கவில்லை. இருக்க வேண்டிய நேரத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. நம்பகத்தன்மை என்பது எஃகின் தரம் மட்டும் அன்று. எப்போது அதனை அகற்றலாம், யார் அதற்கு ஒப்புதல் தருவது என்னும் ஒழுங்கும் அதில் அடங்கும்.

இரண்டு பூட்டுக்கு ஒரே சாவி

ஒரு கருவி நூறுமுறை தேவைப்படும்போது ஒருமுறை தவறும் எனக் கொள்வோம். அதனோடு அதே தரமுள்ள இன்னொன்றையும் சேர்த்தால், இரண்டும் ஒருங்கே தவறும் வாய்ப்புப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறையும் என்று கணக்குக் கூறும். ஆனால் அக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே தொழிலாளி ஒரே நாளில் தவறாகப் பொருத்தினால்? இரண்டும் ஒரே திரவ அழுத்தக் குழாயை நம்பியிருந்தால்? இரண்டின் பராமரிப்பும் செலவு கருதி ஒரே நேரத்தில் தள்ளிப்போடப்பட்டால்? அப்போது இரண்டு பூட்டு இருந்தும் சாவி ஒன்றே என்றாகிவிடும். கருவிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் காப்புக் கூடிவிடாது.

சோதனையின் கால இடைவெளியும் முதன்மையானது. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் சோதிக்கப்படும் கருவியில் ஒரு பழுது புகுந்தால், அது சராசரியாக அரையாண்டுக்காலம் அறியப்படாமலே இருக்கும். இரு வாரங்களுக்கு ஒருமுறை சோதித்தால் அக்காலம் ஒரு வாரமாகச் சுருங்கும். ஆதலால்தான் பல நாடுகள் பீறிடல் தடுப்பானை இரண்டு அல்லது மூன்று வாரங்களுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துமாறு விதித்துள்ளன. எனினும் எதைச் சோதிக்கிறோம் என்பது எத்தனைமுறை சோதிக்கிறோம் என்பதைவிடப் பெரிது. அமைதியான நாளில் கதவு மூடுகிறதா என்று பார்ப்பது ஒன்று. புயல்நாளில் காற்றை எதிர்த்து மூடுமா என்று அறிவது மற்றொன்று. வளைந்த குழாயையும் தடித்த இணைப்பையும் பாய்ந்துவரும் எரிவளியையும் எதிர்கொண்டு தாடைகள் வெட்டுமா என்பதைக் கரையிலேயே மெய்ப்பித்த பின்னரே தடுப்பானைக் கடலில் இறக்க வேண்டும். மின்கலத்தின் வலுவும் திரவ அழுத்தமும் இடையறாது அளக்கப்பட்டு, மேடையில் மட்டுமன்றிக் கரையிலுள்ள கண்காணிப்பு மையத்திலும் தெரிய வேண்டும்.

யார் சோதிப்பது?

1988ஆம் ஆண்டு சூலை 6ஆம் நாள் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்த கல்லன் பிரபுவின் அறிக்கை 1990ஆம் ஆண்டு வெளியாயிற்று. எண்ணெய் எடுப்பதை ஊக்குவிக்கும் துறையிடமே பாதுகாப்பைக் கண்காணிக்கும் பொறுப்பும் இருத்தல் கூடாது என்று அவ்வறிக்கை கருதியது. அதன்படி பிரித்தானியாவில் அப்பொறுப்பு எரிசக்தித் துறையிடமிருந்து தொழிற்பாதுகாப்பு அமைப்புக்கு மாற்றப்பட்டது. 2010ஆம் ஆண்டு விபத்துக்குப் பின் அமெரிக்காவும் குத்தகை வழங்கும் பணியையும் பாதுகாப்புப் பணியையும் வெவ்வேறு அமைப்புகளாகப் பிரித்தது.

இந்தியாவில் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் 1986ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. கடல்சார் பணிகளின் பாதுகாப்புக்கென 2008ஆம் ஆண்டு விதிகளும் வகுக்கப்பட்டன. இவை பாராட்டத்தக்க அடிகள். எனினும் அவ்வியக்ககம் எண்ணெய் தேடலை ஊக்குவிக்கும் அதே பெட்ரோலிய அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. அதன் அலுவலர்களின் திறமையையோ நேர்மையையோ ஐயுறுவதற்கில்லை. ஆனால் தேர்வு எழுதுபவரும் விடைத்தாள் திருத்துபவரும் ஒரே வீட்டில் இருத்தல் தகுமா என்பது வினா. ஆழ்கடலில் புதிய கிணறுகள் தோண்டப்படுமுன் தனித்தியங்கும் பாதுகாப்பு ஆணையம் ஒன்று அமைய வேண்டும். சோதனை முடிவுகளை அது மக்கள் படித்தறியும் வகையில் வெளியிட வேண்டும். தமிழிலும் வெளியிட வேண்டும்.

விபத்தில் முடியாத சிறு பழுதுகளும் பதிவாக வேண்டும். ஒரு மேடையில் வளையம் ஒன்று கசிந்தால், அதே வகைக் கருவியைப் பயன்படுத்தும் பிற மேடைகள் அனைத்தும் அதனை உடனே அறிய வேண்டும். வானூர்தித் துறை இவ்வழியிலேதான் தன் காப்பை உயர்த்திக்கொண்டது. பழுதைச் சொன்னவரைத் தண்டிக்கும் இடத்தில் பழுதுகள் மறைக்கப்படும். சொன்னவரைப் போற்றும் இடத்தில் அவை திருத்தப்படும். ஐயம் எழுந்த நொடியில் பணியை நிறுத்தும் உரிமை மேடையின் கடைநிலைத் தொழிலாளிக்கும் இருக்க வேண்டும். அவ்வாறு நிறுத்தியபின் ஐயம் தவறெனத் தெரிந்தாலும் அவரது வேலைக்கு ஊறு நேரலாகாது.

கரையில் இருப்போர்

இவற்றுக்கெல்லாம் செலவு மிகும் என்பது ஒரு மறுப்பு. துரப்பணத்தை ஒருநாள் நிறுத்திச் சோதிப்பதற்கே பெருந்தொகை ஆகும் என்பது உண்மை. ஆனால் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்தினால் பி.பி. நிறுவனம் ஏற்க நேர்ந்த செலவு 6,500 கோடி டாலருக்குமேல். சோதனைக்கு ஆகும் செலவு கணக்கிடக்கூடியது. விபத்தின் செலவோ கணக்கில் அடங்காதது. பேரழிவு அரிதாகவே நேர்கிறது என்பது மற்றொரு மறுப்பு. அரிதாக நேர்வதாலேயே அதற்கான ஆயத்தம் மறக்கப்படுகிறது. மறுகால் பத்தாண்டு பாயவில்லை என்பதற்காக அதனைத் தூர்த்து வீடு கட்டியவர்களுக்குப் பதினோராம் ஆண்டின் வெள்ளம் விடை கூறும்.

மேலும், செலவைச் சேமிப்பவர் ஒருவர். இழப்பைச் சுமப்பவர் வேறொருவர். 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர்க் கடலில் மொண்டாரா கிணறு பீறிட்டது. பொருத்தப்பட வேண்டிய காப்புமூடி ஒன்று அக்கிணற்றில் பொருத்தப்படவே இல்லை. பத்து வாரங்களுக்குமேல் எண்ணெய் வழிந்தது. நெடுந்தொலைவில் இந்தோனேசியத் தீவுகளில் கடற்பாசி வளர்த்துப் பிழைத்த எளிய மக்கள் தம் பயிர் அழிந்ததாக வழக்காடினர். 2021ஆம் ஆண்டுதான் அவர்களுக்கு ஆதரவான தீர்ப்புக் கிடைத்தது. அதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் பள்ளிப்படிப்பையே முடித்திருப்பார்கள்.

தமிழகக் கரைக்கும் இத்துன்பம் அறிமுகமானதே. 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையொதுங்கிய கரும்படலத்தை மக்கள் வாளிகளால் அள்ளியதை நாடே கண்டது. அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரிக்கடலைத் தாக்கியது. ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்துக் கொண்டிருந்தோர் பலருக்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. கருவி இருத்தல் வேறு. அதன் பயன் கடைசி மனிதரை எட்டுதல் வேறு என்பதைக் குமரி மாவட்டம் தன் மக்களை இழந்து கற்றது.

ஆகவே, கிணற்றை மூடும் கருவி தவறினால் அடுத்து என்ன செய்வது என்பதும் முன்னரே வரையப்பட்டிருக்க வேண்டும். பீறிடும் கிணற்றின்மேல் இறக்கும் பெருமூடி, எண்ணெயை வளைத்துத் தடுக்கும் மிதவை வேலிகள் ஆகியன அயல்நாட்டிலிருந்து வந்து சேரும்வரை கடல் காத்திராது. அவை தூத்துக்குடி போன்ற அண்மைத் துறைமுகத்தில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கடலோரக் காவற்படை நடத்தும் ஒத்திகைகளில் மீனவரும் இடம்பெற வேண்டும். நீரோட்டத்தின் போக்கையும் காற்றின் திசை மாற்றத்தையும் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அவர்கள். அவர்களைப் பார்வையாளராக மட்டும் நிறுத்துவது அறிவைப் புறக்கணிப்பதாகும்.

கேட்க வேண்டிய வினா

அறிவியலைக் கண்டு அஞ்சுதல் தீர்வன்று. அதனைக் கண்மூடி நம்புதலும் தீர்வன்று. ஒவ்வொரு பெருந்திட்டம் வரும்போதும் அதன் பயன் என்ன என்று கேட்கிறோம். அதனோடு, தவறினால் நிறுத்துவது எது, அது நிற்கும் என்று எப்படித் தெரியும், கடைசியாக அதனைச் சோதித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்கப் பழக வேண்டும். விடை ஆவணமாகவும் அளவீடாகவும் வர வேண்டும். உறுதிமொழியாக மட்டும் வந்தால் ஏற்றல் ஆகாது.

இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவருள் சிலர் நாளை பொறியாளராகலாம். சிலர் அரசின் ஆய்வாளராகலாம். சிலர் தந்தையின் படகிலேயே கடலுக்குச் செல்லலாம். தடுப்பானை வடிவமைப்பவரும் அதற்குச் சான்றளிப்பவரும் அது தவறினால் வலையை இழப்பவரும் ஒரே ஊரினராக இருக்கக்கூடும். ஆழ்கடலின் தாழ்ப்பாள் ஆயிரம் நாள் அசையாமல் இருக்கட்டும். ஆயிரத்தோராம் நாள் அது விழ வேண்டுமாயின், அந்த ஆயிரம் நாளும் ஒருவர் அதனை மறவாது சோதித்திருக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் உள்ள 'காத்திருக்கும் கருவிகளை'ப் பட்டியலிட்டு, அவை கடைசியாகச் சோதிக்கப்பட்ட நாளைக் கண்டறிந்து எழுதுக.

2. 'கடலடி எண்ணெய் வளம் தேடுதல் – தேவையா, தவிர்க்கத்தக்கதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊர்க் குளத்தின் மடை, மறுகால் ஆகியவற்றின் இன்றைய நிலையைக் கண்டறிந்து, உரிய அலுவலருக்கு விண்ணப்பக் கடிதம் ஒன்று எழுதுக.